இரைப்பையைச் சுற்றிக் கட்டலாம், கூடையை என்ன செய்வது?

(ஹட்டனில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் பேசப்போவது நெஞ்செரிவைப் பற்றி. நெஞ்செரிவுக்காகச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஒருவர், தையல் பிரித்து வீட்டுக்கு வந்த பிறகு, ஐந்து வருடம் கழித்து, பத்து வருடம் கழித்து எப்படி இருக்கிறார்? என்ன சாப்பிடுகிறார்? எப்படித் தூங்குகிறார்? பழைய வேலையைப் பார்க்க முடிகிறதா? இதுதான் என் தலைப்பு. சத்திரசிகிச்சை இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வாழ வேண்டியது முப்பது வருடம். அந்த முப்பது வருடத்தைப் பற்றித்தான் யாரும் கூட்டம் போட்டுப் பேசுவதில்லை.

இது கொழும்புக்காரர் வியாதி, நமக்கு எதற்கு இந்தப் பேச்சு என்று நினைக்கிறீர்களா? சரி, ஒன்று கேட்கிறேன். மார்பு எலும்புக்குப் பின்னால் தொடங்கித் தொண்டை வரை ஏறுகிற எரிவை இதுவரை அறியாதவர்கள் இங்கே யார்? கையைத் தூக்குங்கள். பார்த்தீர்களா, பின்வரிசையில் இரண்டு பேர். இரண்டு பேருக்கும் பதினைந்து வயதுக்கு மேல் இருக்காது!

நம்முடைய ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். விடிய முன்னமே எழும்புகிறோம். எழும்பியதும் என்ன? வெறும் வயிற்றில் சாயம் தூக்கலாக ஒரு பிளேன்டி. ஒரு பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கும் இன்னொன்றைப் பிள்ளைக் காம்பராவுக்கும் அனுப்புகிற அவசரத்தில் அம்மா சாப்பிடுவதில்லை. வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்கு நேரமாகிவிட்டது. மலையேறிக் கொழுந்து பறித்து, பத்து மணி வாக்கில் ரொட்டியும் சம்பலும். பகல் கொழுந்து நிறுத்துவிட்டு இறங்கி, பசித்த பசியில் ஒரு கோப்பை நிறையச் சோறு. சாப்பிட்ட சோறு இறங்கும் முன் திரும்பவும் மலை. இடுப்பில் படங்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு சரிவில் குனிந்து குனிந்து பறிக்கிறோம். வாயில் வெற்றிலை. இரவு பிந்திச் சாப்பாடு, சாப்பிட்ட உடனே படுக்கை, அதுவும் தரையில் பாய். அமிலம் மேலே ஏறுவதற்கு என்னென்ன வேண்டுமோ, அத்தனையும் இந்த ஒரு நாளுக்குள் இருக்கிறது.

உணவுக்குழாயும் இரைப்பையும் சேருகிற இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. சாப்பாடு வரும்போது திறந்து, மற்ற நேரத்தில் மூடியிருப்பது அதன் வேலை. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் பிரிமென்றகடும் அதே இடத்தில் அதைக் கவ்விப் பிடித்துக்கொள்கிறது. வளையம் தளர்ந்தாலோ, பிரிமென்றகட்டின் துவாரம் பெரிதாகி இரைப்பையின் தலைப்பகுதி நெஞ்சுக்குள் வழுகினாலோ, அமிலம் மேலே வரும். குனிந்தால் வரும். பாரம் தூக்கினால் வரும். நிறையச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் வரும். இரைப்பையின் உட்சுவருக்கு அமிலத்தைத் தாங்கும் பலம் உண்டு. உணவுக்குழாய்க்கு அது கிடையாது. வெந்து புண்ணாகிவிடும்.

தோட்டத்தில் இதற்கெல்லாம் ஒரே பெயர்தான்: கேஸ்ட்ரைட்டிஸ். வயிறு ஊதினாலும் கேஸ்ட்ரைட்டிஸ், நெஞ்சு எரிந்தாலும் கேஸ்ட்ரைட்டிஸ், மாரடைப்பு வந்து இடது கை வலித்தாலும் கேஸ்ட்ரைட்டிஸ்! அதனால்தான் சத்திரசிகிச்சையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் வியாதி எது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

குளிசையைப் பற்றி ஒரு வார்த்தை. 1980களின் கடைசியில் ஒமெப்ரசோல் வந்த பிறகு இந்த வியாதியின் கதையே மாறிப்போனது. அமிலம் சுரப்பதையே அது குறைக்கிறது. அரச வைத்தியசாலையில் இலவசமாகக் கிடைக்கிறது, பாமசியிலும் பெரிய விலையில்லை. மருந்தை வணிகப் பெயரில் வாங்காமல் அதன் சொந்தப் பெயரில் மலிவாக வாங்க வேண்டும் என்று இந்த நாட்டில் போராடியவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் அரச மருந்துகள் கூட்டுத்தாபனம் உருவானது அவர் முயற்சியால்தான். 1977இல் இறந்துபோனார், ஒமெப்ரசோலைப் பார்க்கவில்லை. ஆனால் ஒரு தோட்டத் தொழிலாளி இன்று அந்தக் குளிசையை வாங்க முடிகிறதென்றால் அதில் அவருடைய பங்கும் இருக்கிறது.

ஆனால் அந்தக் குளிசையை நாம் எப்படிச் சாப்பிடுகிறோம்? எரியும்போது ஒன்று, எரியாவிட்டால் இல்லை. அதுவும் சோறு சாப்பிட்டு முடித்த பிறகு. அப்படிச் சாப்பிட்டால் பாதி பலன்கூடக் கிடைக்காது. காலையில் எழும்பியதும், பிளேன்டிக்கும் முன்னால், வெறும் வயிற்றில் விழுங்க வேண்டும். அரை மணி நேரம் கழித்து ஏதாவது சாப்பிட வேண்டும். "சாப்பிட" என்று சொன்னேன், "குடிக்க" என்று சொல்லவில்லை, அம்மாமார்களே!

குளிசைக்கும் அடங்காவிட்டால்? ஆயுள் முழுக்கக் குளிசை வேண்டாம் என்று ஒருவர் நினைத்தால்? எரிவு நின்றும் சாப்பிட்ட சாப்பாடு வாய்வரை எதுக்களித்து வந்துகொண்டே இருந்தால்? அங்கேதான் சத்திரசிகிச்சை வருகிறது.

அதைக் கண்டுபிடித்த கதை சுவையானது. ருடோல்ஃப் நிசன் என்று ஒரு ஜெர்மன் சத்திரசிகிச்சை நிபுணர். யூதர். ஹிட்லர் பதவிக்கு வந்த 1933இல் நாட்டை விட்டு இஸ்தான்புல்லுக்குப் போனார். அங்கே 1936இல் ஒரு நோயாளியின் உணவுக்குழாயின் அடிப்பகுதியை வெட்டி எடுத்து, மிச்சத்தை இரைப்பையோடு தைத்தார். தையல் விட்டுவிடுமோ என்ற பயத்தில் இரைப்பையின் ஒரு மடிப்பை அதன்மேல் போர்த்தி வைத்தார். பல ஆண்டு கழித்துப் பார்த்தால், அந்த மனிதருக்கு நெஞ்செரிவே இல்லை! காவலுக்குச் செய்தது வைத்தியமாகிவிட்டது. 1955இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் அதையே ஒரு சிகிச்சையாகச் செய்தார், அடுத்த ஆண்டு எழுதி வெளியிட்டார். இடையில் 1948இல் நியூயோர்க்கில் ஐன்ஸ்டைனின் வயிற்றைத் திறந்து, வீங்கியிருந்த பெருநாடியைச் சுற்றி செலோபேன் தாள் கட்டியவரும் இவரே. ஐன்ஸ்டைன் அதற்குப் பிறகு ஆறு வருடத்துக்கு மேல் இருந்தார். சுற்றிக் கட்டுவதில் மனிதருக்கு அப்படி ஒரு கைராசி.

நுவரெலியாக் குளிரில் கழுத்தைச் சுற்றி மப்ளர் போடுகிறோம் இல்லையா? அப்படி இரைப்பையின் மேல்பகுதியை எடுத்து உணவுக்குழாயின் அடியைச் சுற்றிக் கட்டித் தைக்கிறார்கள். பிரிமென்றகட்டின் துவாரத்தையும் இரண்டு மூன்று தையல் போட்டுச் சிறிதாக்குகிறார்கள். பெல்ஜியத்தில் டல்மாஞ் என்பவர் 1991இல் இதை வயிற்றைக் கிழிக்காமல், சிறு துளைகள் வழியே லப்பரஸ்கோப்பி முறையில் செய்து காட்டிய பிறகு உலகம் முழுக்கப் பரவியது. முழுச்சுற்றும் உண்டு, முக்கால் சுற்றும் உண்டு. முக்கால் சுற்றில் விழுங்கும் கஷ்டமும் காற்றுத் தொல்லையும் குறைவு.

சரி, பலன் என்ன?

ஐரோப்பாவின் 11 நாடுகளில் 554 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பாதிப்பேருக்குச் சத்திரசிகிச்சை, பாதிப்பேருக்கு ஒமெப்ரசோலின் தம்பியான எசோமெப்ரசோல். ஐந்து வருடம் கழித்து, 2011இல் முடிவு சொன்னார்கள். சத்திரசிகிச்சை செய்தவர்களில் நூற்றுக்கு 85 பேர் நன்றாக இருந்தார்கள். குளிசை சாப்பிட்டவர்களில் 92 பேர் நன்றாக இருந்தார்கள். எதுக்களிப்பு யாருக்குக் கூட? குளிசைக்காரருக்கு. வயிறு ஊதுவதும் விழுங்கச் சிரமப்படுவதும் யாருக்குக் கூட? சத்திரசிகிச்சைக்காரருக்கு. கவனியுங்கள், இரண்டுமே நல்ல சிகிச்சை. இரண்டுக்குமே ஒரு விலை இருக்கிறது. எந்த விலையை நாம் கொடுக்க முடியும் என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களைப் பத்து வருடம் போலத் தொடர்ந்து பார்த்து 2001இல் எழுதினார்கள். கத்தி வைத்துக்கொண்டவர்களில் நூற்றுக்கு 62 பேர் திரும்பவும் அமிலக் குளிசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "இனிமேல் குளிசையே வேண்டாம்" என்று நம்பிப் படுத்தவர்கள் அவர்கள்! உடனே ஒன்றும் சொல்ல வேண்டும். குளிசை சாப்பிடுகிற எல்லாருக்கும் அமிலம் ஏறுகிறது என்று அர்த்தமில்லை. சோதித்துப் பார்த்தால் பலருக்குக் கட்டு சரியாகவே இருக்கும். வயிறு ஊதினாலும் அதே குளிசை, நெஞ்சு கரித்தாலும் அதே குளிசை. பழக்கம் விடவில்லை.

சுவீடனில் லப்பரஸ்கோப்பி முறையில் செய்துகொண்ட 2,655 பேரைத் தொடர்ந்து பார்த்து 2017இல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு 17.7 பேருக்கு வியாதி திரும்பி வந்தது. ஆறு பேரில் ஒருவர் என்று வையுங்கள். யாருக்கு அதிகமாகத் திரும்பியது? பெண்களுக்கு. வயதானவர்களுக்கு. வேறு வியாதிகளும் உள்ளவர்களுக்கு. நம் மலையில் கொழுந்து பறிப்பவர்கள் யார் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வாழ்க்கைத் தரத்தை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? அமெரிக்காவில் வெலனோவிச் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1996இல் தயாரித்த ஒரு வினாத்தாளை உலகமெங்கும் பயன்படுத்துகிறார்கள். பத்துக் கேள்வி. எரிவு எவ்வளவு? படுத்தால் வருகிறதா? நின்றால் வருகிறதா? சாப்பிட்ட பின் வருகிறதா? தூக்கத்தைக் கெடுக்கிறதா? விழுங்கச் சிரமமா? வயிறு ஊதுகிறதா? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை, மொத்தம் 50. எண்ணிக்கை குறைந்தால் வாழ்க்கை நல்லது. நல்ல வினாத்தாள்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதில் கூடை இல்லை. ரொட்டி இல்லை. பெரட்டுக்கு நேரத்துக்குப் போக முடிகிறதா என்று இல்லை. முழுநாள் சம்பளத்துக்குப் பேர் போட முடிகிறதா, அரைப்பேரோடு திரும்புகிறாயா என்று இல்லை. அந்தக் கேள்விகளை நாம்தான் சேர்க்க வேண்டும்.

சேர்த்துப் பார்ப்போம். ஓர் அம்மாவை நினைத்துக்கொள்வோம். நாற்பத்தைந்து வயது. கண்டியில் சத்திரசிகிச்சை முடிந்து வார்டிலிருந்து துண்டு வெட்டி அனுப்புகிறார்கள். முதல் சோதனை எங்கே தொடங்குகிறது? பஸ்ஸில். கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக வளைந்து வளைந்து ஏறி வருகிற அந்தப் பாதையில் நல்ல உடம்புக்காரரே ஜன்னல் பக்கம் இடம் கேட்பார்கள். புதிதாகச் சுற்றிக் கட்டிய இரைப்பையோடு ஒருவர் ஓங்காளித்தால், தையல் இழுபடும், கட்டு கழன்று மேலே வழுகலாம். முதல் சில நாளில் ஓங்காளிப்புதான் பெரிய எதிரி. ஆகவே துண்டு வெட்டும்போதே கேளுங்கள்: "டொக்டர், நாங்க ஹட்டனுக்குப் போகணும், வளைவுப் பாதை, வாந்திக்குக் குளிசை எழுதித் தாங்க." கூச்சப்படாமல் கேளுங்கள். ரயில் ஓடுகிற காலமென்றால் ரயிலில் வாருங்கள்.

அடுத்தது ரொட்டி. புதுக் கட்டு கொஞ்சம் வீங்கியிருக்கும், முதல் சில வாரம் கஞ்சி, குழைத்த சோறு, பருப்பு, நன்றாக வேகவைத்த மரக்கறி என்று போக வேண்டும். வைத்தியசாலையில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். ஆனால் லயத்தில் ஒருவருக்கென்று தனியாகக் கஞ்சி வைக்க யாருக்கு நேரம்? மூன்றாம் வாரம் அம்மா பிள்ளைகளோடு உட்கார்ந்து, கல்லிலிருந்து எடுத்த கோதுமை ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்துச் சம்பலில் தொட்டு வாயில் போடுகிறார். இரண்டாவது வாய் மார்புக்குப் பின்னால் நின்றுவிடுகிறது. தண்ணீர் குடிக்கிறார், தண்ணீரும் அதற்கு மேலேயே நிற்கிறது. எச்சில் ஊறிக்கொண்டே வருகிறது. வாந்தி எடுத்தால் சுகமாகுமென்று பார்க்கிறார், வரவில்லை. ஏப்பமும் வரவில்லை. காம்பராவை விட்டு வெளியே வந்து வாசலில் முன்னால் குனிந்தபடி உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா முதுகைத் தட்டுகிறார். கால் மணி நேரம் கழித்து அது தானாக இறங்குகிறது. அன்றைக்கு அவர் முடிவு செய்கிறார்: ஒபரேஷன் பிழைத்துப்போச்சு.

பிழைக்கவில்லை! அது எதிர்பார்த்ததுதான். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று மாதத்தில் சரியாகிவிடும். ஆனால் அதை யாரும் அவருக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அதுதான் பிழை. ரொட்டியை விட்டுவிடச் சொல்ல எனக்கு வாய் வராது. ரொட்டியை விட்டால் பத்து மணிக்கு மலையில் எதைச் சாப்பிடுவது? சிறு சிறு துண்டாக, நன்றாக மென்று, குழம்பில் ஊறவைத்து, பேசாமல் மெதுவாகச் சாப்பிடச் சொல்கிறேன். அதற்குப் பத்து நிமிடம் போதாது, அரை மணி நேரம் வேண்டும். அந்த அரை மணியைக் கங்காணிமார் கொடுப்பார்களா?

மூன்றாவது, காற்று. மேலே வரும் வழியை இறுக்கிவிட்டதால் ஏப்பம் விட முடியாமல் போகும், வயிறு உப்பும், காற்று கீழ் வழியாகப் போகும். சிரிக்கிறீர்கள். பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில் ஏழு பேரோடு வாழ்கிற ஒரு பெண்ணுக்கு அது சிரிக்கிற விஷயமில்லை. மருமகனும் அதே கூரைக்குள் இருக்கிறான். இந்த ஒரு காரணத்துக்காகவே விருந்துக்கும் கோயிலுக்கும் போகாமல் ஒதுங்கிவிடுபவர்கள் உண்டு. வேகமாக விழுங்குவதைக் குறைத்தால், சோடாவை நிறுத்தினால், வெற்றிலையைக் குறைத்தால், உள்ளே போகும் காற்றும் குறையும். காலம் போகப் போகத் தணியும், சிலருக்கு முழுவதும் தணியாது. கையெழுத்துப் போடும் முன்பே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது.

அண்ணன்மாருக்கும் ஒன்று. சம்பள நாளில் சாராயம் குடித்துவிட்டு வாந்தி எடுப்பவர் இந்தக் கட்டைப் போட்டுக்கொண்டால், வாந்தி வெளியே வராது, ஓங்காளிப்பு மட்டும் வரும். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது கூடைக்கு வருகிறேன். கூடையோ பையோ, மழை நாளில் ஈரக்கொழுந்து எவ்வளவு கனக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பாரம் தூக்கும்போது வயிற்றுக்குள் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தம் நேரே போய் முட்டுவது பிரிமென்றகட்டில் போட்ட அந்த இரண்டு மூன்று தையலில். ஆறு வாரமாவது பாரம் தூக்கக் கூடாது என்பது பொதுவான அறிவுரை. அலுவலகத்தில் நாற்காலியில் இருந்து வேலை பார்ப்பவருக்கு இது சுலபம், இரண்டு வாரத்தில் வேலைக்குப் போய்விடுவார். நாட்சம்பளத்துக்குப் போகிறவர் ஆறு வாரம் வீட்டில் இருந்தால் அடுப்பு எரியுமா? மூன்றாம் வாரமே மலைக்குப் போகிறார். கவ்வாத்து வெட்டுகிறவர் கத்தியைத் தூக்கிக்கொண்டு போகிறார். அடுத்த வருடம் எரிவு திரும்பி வருகிறது. சத்திரசிகிச்சை நிபுணரின் கை நன்றாகத்தான் தைத்தது. நம்முடைய சம்பள முறைதான் அதைப் பிரித்தது என்பேன்.

அப்படியானால் யாருக்கும் சத்திரசிகிச்சை வேண்டாமா? அப்படிச் சொல்ல நான் வரவில்லை. சரியான ஆளுக்குச் செய்தால் அது மறுவாழ்வு. 2019இல் அமெரிக்காவில் இன்னொரு ஆய்வு வந்தது. குளிசைக்கு அடங்காத நெஞ்செரிவு என்று அனுப்பப்பட்டவர்கள் 366 பேர். அவர்களைச் சலித்துப் பார்த்தார்கள். குளிசையை இரண்டு வாரம் ஒழுங்காகச் சாப்பிட வைத்ததிலேயே 42 பேருக்குச் சுகமாகிவிட்டது! 99 பேருக்கு அமிலமே ஏறவில்லை, எரிவின் காரணம் நரம்பின் உணர்திறன். இன்னும் சிலருக்கு வேறு வியாதி, சிலர் சோதனைகளை முடிக்கவில்லை. கடைசியில் மிஞ்சியவர்கள் 78 பேர். அந்த 78 பேரில் சத்திரசிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 67 பேருக்கு நல்ல குணம், மருந்தை மாற்றி மாற்றிப் பெற்றவர்களில் 28 பேருக்குத்தான் குணம். சலித்தெடுத்துச் செய்தால் பலன் இவ்வளவு, சலிக்காமல் எல்லாருக்கும் செய்தால் அந்த 99 பேருக்கும் கட்டுத்தான் மிஞ்சும்.

எனவே கத்திக்கு முன்னால் சோதனை. எண்டோஸ்கோபி செய்து பார்க்க வேண்டும், உணவுக்குழாயின் அசைவையும் அமில அளவையும் அளந்து பார்க்க வேண்டும். டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலையின் புதிய கட்டடத்தை 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் திறந்துவைத்த நாளில் அவர் பேச்சைக் கேட்க நோர்வூட் மைதானத்தில் கூடியவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். அந்தக் கட்டடத்தின் பயன் நமக்கு முழுமையாகக் கிடைக்க வேண்டுமானால், வாரக்கணக்கில் எரிகிறவர் தோட்டத்து மருந்தோடு நின்றுவிடாமல் அங்கே கிளினிக்குக்குப் போக வேண்டும். அங்கிருந்து தேவையானவர் கண்டிக்கோ பேராதனைக்கோ கொழும்புக்கோ போவார்.

தோட்ட நிர்வாகங்களிடம் ஒரு வேண்டுகோள்: வயிற்றில் சத்திரசிகிச்சை செய்து வருகிறவருக்கு ஆறு வாரத்துக்கு இலேசான வேலை கொடுங்கள், முழுப்பேர் போடுங்கள். தொழிற்சங்கத் தலைவர்களே, சம்பளப் பேச்சில் ஒரு வரியாக இதையும் சேருங்கள். தோட்ட வைத்திய உதவியாளர்களே, இரும்புக் குளிசை கொடுத்தும் இரத்தச்சோகை மாறாத ஒருவர் வந்தால், கறுப்பாக மலம் போகிறது என்று ஒருவர் சொன்னால், உள்ளே இரத்தம் கசிகிறதோ என்று பார்க்க வேண்டும்; அடுத்த குளிசை எழுத வேண்டாம், வைத்தியசாலைக்குத் துண்டு எழுதுங்கள்.

கடைசியாக எல்லாருக்கும் ஒன்று. வெற்றிலையோடு மெல்லுகிற பாக்கு புற்றுநோய் தரும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் உறுதி செய்திருக்கிறது. 65 பாகை செல்சியசுக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் எந்தப் பானத்தையும் புற்றுநோய் தரக்கூடியது என்று 2016இல் அதே நிலையம் வகைப்படுத்தியது. நம் தேத்தண்ணீரில் குற்றமில்லை, சூட்டில்தான் குற்றம். ஆற்றிக் குடியுங்கள். சத்திரசிகிச்சை செய்தவராக இருந்தாலும் செய்யாதவராக இருந்தாலும், முதலில் ரொட்டி இறங்கவில்லை, பிறகு சோறு இறங்கவில்லை, பிறகு கஞ்சியும் இறங்கவில்லை என்று நாளுக்கு நாள் விழுங்குவது கஷ்டமாகிக்கொண்டே போனால், உடம்பும் மெலிந்தால், அதை கேஸ்ட்ரைட்டிஸ் என்று விட்டுவிடாதீர்கள், புற்றுநோயாகவும் இருக்கலாம். அடுத்த சம்பளம் வரட்டும், தீபாவளி முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்தக் கிழமையே வைத்தியசாலைக்குப் போய், எண்டோஸ்கோபி செய்யச் சொல்லி வாய் திறந்து கேளுங்கள்.